அவர் பெயரில் நான் வைத்த ஒப்பம்

"தம்பி உங்களோட இருக்கிறானோ?" இந்த வரிக்கு என்ன பதில் எழுதுவது? மின்னஞ்சல் வந்து பத்தொன்பது நாளாகிறது. மகளைத் தூங்க வைத்துவிட்டுத் தினமும் திறக்கிறேன், வாசிக்கிறேன், மூடுகிறேன். எழுதியவர் வெளிநாட்டில் இருக்கும் ஓர் அக்கா. நான் பார்த்ததில்லை. அவர் தேடும் தம்பி, மலையகத்து லிந்துலையில் என்னோடு ஒரே பாடசாலையில் படிப்பித்த கணித சேர்.

சேர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். நான் இங்கே தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து, படித்து, கணினிப் பாடம் எடுக்க வந்தவள். தோட்டத்தின் மலை உச்சிப் பகுதியான மேல் டிவிசனில் இருக்கும் மருந்தகத்துக்குத் தொலைபேசி கிடையாது. கைபேசி அலையும் எட்டாது. பிரசவ வலி என்றால் யாராவது கீழே தோட்ட ஆபீசுக்கு ஓடி வந்துதான் லொறி கேட்க வேண்டும். மலிவான இரண்டு கம்பியில்லாப் பெட்டிகளை மேலே மருந்தகத்தில் ஒன்றும் கீழே ஆபீசில் ஒன்றுமாக வைத்துக் குரல் அனுப்பலாம் என்றார் சேர். பெட்டிகளோடு வந்த மென்பொருள் ஒரு வீட்டுக்குள் பேசத்தான் போதும். மலை தாண்டிப் பேசுவதற்கு நாங்களே எழுத வேண்டியிருந்தது. இரண்டு வருடம் எழுதினோம். யாரும் வாசிக்கலாம், திருத்தலாம், இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டோம். எங்கெங்கோ மலைகளில் இருப்பவர்கள் எடுத்துப் பயன்படுத்தினார்கள், திருத்தங்களும் அனுப்பினார்கள். முதல் பக்கத்தில் 'பராமரிப்பவர்கள்' என்று எங்கள் இருவர் பெயர் மட்டும் இருந்தது.

சேர் ஒரு விதி வைத்திருந்தார். எந்தத் திருத்தமானாலும் நாங்கள் இருவரும் வாசித்து, 'பார்த்தேன்' என்று பெயர் இட்டால்தான் உள்ளே போகும். "எழுதினவருக்குத் தன்ர பிழை தெரியாது, டீச்சர்" என்பார். என்னுடையதை மூன்று தடவையாவது திருப்பி அனுப்புவார். அவருடையதில் நான் முதன்முதலாகப் பிழை பிடித்த நாளில் ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் விடுமுறைக்கு ஊருக்குப் புறப்பட்டபோது, அங்கே தன் கணினி பழுதானால் உதவட்டும் என்று, எங்கள் மென்பொருள் இருக்கும் இணையப் பக்கத்துக்கான தன் கடவுச்சொல்லை என் புள்ளிப் புத்தகத்தின் கடைசித் தாளில் எழுதித் தந்தார். "என்ர பேரில கள்ள ஒப்பம் வைச்சுப்போடாதேங்கோ" என்று சிரித்துக்கொண்டே தலவாக்கலை பஸ்ஸில் ஏறினார். அந்த மாதமே யுத்தத்தால் யாழ்ப்பாணப் பாதை மூடப்பட்டது. பிறகு ஓர் எழுத்தும் இல்லை. அதிபர் போட்ட கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. வரவுப் புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு நீண்டுகொண்டே போனது. புதிய வருடத்தின் புத்தகத்தில் பெயரே இல்லை.

அந்த மழைக்காலத்தில் பெட்டிகள் அடிக்கடி நின்று போயின. மறுமுனையிலிருந்து பதில் வராவிட்டால் எங்கள் மென்பொருள் முடிவில்லாமல் காத்துக்கொண்டே நிற்கும், அதுதான் பிழை. இவ்வளவு நேரத்துக்கு மேல் காத்திராதே, திரும்பக் கூப்பிடு என்று சொல்லும் நாலு வரியை எழுதி வைத்திருந்தேன். பார்க்க சேர் இல்லை. ஐந்து மாதம் அது அப்படியே கிடந்தது. மருந்தகத்து மிட்வைஃப் அம்மா என்னைக் கண்டபோதெல்லாம், "என்னங்க டீச்சரம்மா, மழ பேஞ்சா ஒங்க டப்பாவும் நம்ம கண்டாக்கையா மாதிரி சுருண்டு படுத்துக்குது?" என்று தோட்ட மேற்பார்வையாளரையும் சேர்த்துக் கேலி செய்வார்.

ஒருநாள் கேலி இல்லை. "காலையிலேருந்து டப்பாவுல கத்துறேன், ஒருத்தரும் பேசல. வலி எடுத்த பொண்ணக் கம்பளியில கட்டித் தூக்கிக்கிட்டுல்ல எறங்குனோம். புள்ள நீலம் பாரிச்சுப் போச்சுங்க" என்றார். பிள்ளை பிழைத்துக்கொண்டது. என் மகளுக்கு அப்போது மூன்று மாதம். அவளுடைய நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விதியை மாற்றியிருக்கலாம். அதற்கு முதல் பக்கத்தில் அவர் பெயரை அழிக்க வேண்டும். அழித்தால் அவர் இல்லையென்று நானே சொன்னதாகிவிடுமே என்று பயந்தேன். புள்ளிப் புத்தகத்தைத் திறந்து, அவராக உள்ளே போய், 'பார்த்தேன்' என்று அவர் பெயரை இட்டேன். அன்றிலிருந்து பெட்டிகள் மழையிலும் பேசுகின்றன. அடுத்து வந்த திருத்தத்துக்கும் இட்டேன். அதற்கடுத்ததற்கும். இதுவரை பதினொரு தடவை.

அக்கா தம்பியின் பெயரை இணையத்தில் தேடிக்கொண்டே இருந்திருக்கிறார். போன மாதத் திகதியோடு என் பெயருக்குப் பக்கத்தில் கண்டிருக்கிறார். "அம்மாவுக்கு உடன சொல்லிப்போட்டன். ஒண்டரை வருசத்துக்குப் பிறகு நேற்றுத்தான் அவ வயிறாறச் சாப்பிட்டவ" என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழேதான் அந்தக் கேள்வி.

உண்மையை எழுதிவிடலாமா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "என்னா உண்ம? அவரு இல்லேனு ஒனக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது. அந்த ஒப்பம் என்னுடையது என்பது மட்டும்தான் தெரியும்.

இன்று காலை இன்னொரு திருத்தம் வந்து காத்திருக்கிறது. ஒப்பம் வைத்தால் சேரின் அம்மாவுக்கு இன்னொரு பொய். வைக்காமல் விட்டால், பெயர் நின்று போனதையும் அக்கா பார்ப்பார். மகள் இப்போது நடக்கிறாள். விசைப்பலகையை எட்டிப் பிடிக்கிறாள். எனக்குத்தான் ஓர் எழுத்தும் தட்ட முடியவில்லை. "தம்பி உங்களோட இருக்கிறானோ?" என்று கேட்கும் ஒருவருக்கு முதலில் எந்த வார்த்தையை எழுத வேண்டும் என்று, வாசிக்கும் உங்களில் யாருக்காவது தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.