இரண்டு சங்கும் ஓர் உறுமலும்

அப்பாவுக்கு ஒரு பிடி வாய்க்கரிசி போட என்னை விடக்கூடாதென்று அண்ணன் கங்கணம் கட்டிக்கொண்டு நின்றான். அவன் மூத்த தாரத்தின் மகன். என் அம்மா தாலி கட்டாமல் வந்து சேர்ந்தவள். ஆகவே நான் அவனுக்குத் தம்பியில்லை, லயத்து வீட்டில் வந்து ஒட்டிக்கொண்ட பீடை. எனக்கும் அவனைக் கண்டால் ஆகாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. இலங்கை மலைநாட்டில், புசல்லாவைக்கு மேலேயிருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்து மயானத்தில் பாடையை இறக்கி, அப்பாவின் முகத்தைத் திறந்தார்கள். அண்ணன் அரிசி போட்டபோது ஒரே சங்குதான் ஊதியது. தோட்டத்தின் கீழ் டிவிசனிலிருந்து வரவேண்டிய இன்னொரு சங்குக்காரர் அதற்குப் பிறகுதான் மூச்சு வாங்க மேடேறி வந்தார். நான் குனிந்து கை நீட்டியபோது இருவரும் சேர்ந்து ஊதினார்கள். உடனே அடித்தொண்டையிலிருந்து உறுமுவதுபோல் ஒரு கனத்த சத்தம். பிணத்திலிருந்தே வருவதாகப் பட்டது. என் கை அப்படியே நின்றுவிட்டது.

அண்ணன் நிதானமாகச் சொன்னான்: "கேட்டீங்களா? அப்பா உறுமுறாரு. இவன் அரிசி அவருக்கு வேணாமாம்."

சனம் பின்வாங்கியது. கங்காணி என்னை விலகி நிற்கச் சொன்னார். எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. உயிரோடிருந்தவரை என்னை ஒரு வார்த்தை அதட்டாத மனிதர் செத்த பிறகா உறுமுவார்? சங்குக்காரர்களில் ஒருவரை நிறுத்தச் சொன்னேன். உறுமல் நின்றது. மற்றவர் தனியே ஊதியபோதும் அது வரவில்லை. இருவரையும் பாடையை விட்டுத் தள்ளிக் கூட்டிப்போய் ஒன்றாக ஊதவைத்தேன். உறுமல் அங்கேயும் வந்தது.

சுருதி வேறான இரண்டு ஒலிகள் பலமாகச் சேர்ந்தால், எதிலும் இல்லாத மூன்றாவதொன்றைக் காதும் மூளையும் தாமே உண்டாக்கிக்கொள்ளும் என்று பல வருடம் கழித்துக் கண்டியில் ஒரு பழைய சஞ்சிகையில் படித்தேன். அன்றைக்கு அதெல்லாம் எனக்குத் தெரியாது. உறுமியது அப்பா இல்லை என்று தெரிந்ததே போதுமாயிருந்தது.

கங்காணி தலையாட்டினார். சனம் மறுபடி நெருங்கி வந்தது. அண்ணன் மட்டும் வழியை விடவில்லை.

"சத்தம் சங்கோடதுதான். அதுக்காக நீ மகனாயிடுவியா?"

செத்தவர் மேல் பழி போடாமல், மனதிலிருந்ததைக் கடைசியில் சொல்லிவிட்டான். அவனைத் தோளால் இடித்துத் தள்ளினேன். இரண்டு கையாலும் அரிசியை அள்ளி அப்பாவின் வாயில் போட்டேன். அவன் போட்ட அரிசி அதற்கடியில் மறைந்துபோயிற்று.