பட்டன், பட்டன், பட்டன்

பார்வை போன பிறகும், சென்னையில் படிக்கும் மகளைப் பார்க்க நான் தனியாகத்தான் போய்வந்தேன். என் பழைய ஆண்ட்ராய்டு போன், திரையில் விரல் படும் இடத்தில் இருப்பதை வாசித்துச் சொல்லும். பஸ் டிக்கெட் ஆப்பில் "புறப்படும் ஊர்", "பெண்கள் இருக்கை, ஜன்னல் ஓரம்" என்று அது சொல்லச் சொல்ல, காரைக்காலில் வீட்டில் உட்கார்ந்தபடியே டிக்கெட் போடுவேன்.

போன ரமலானுக்கு துபாயிலிருந்து வந்த தம்பி ஒரு ஐபோனை என் கையில் வைத்தான். "இனி இந்த டப்பா உங்களுக்கு வேணாம் லாத்தா" என்று பழையதைத் தன் மனைவியிடம் கொடுத்துவிட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பொய் சொல்லக் கூடாது, புதுப் போனின் குரல் அருமையாக இருந்தது. மகள் அனுப்பும் செய்திகளைப் பக்கத்தில் ஆள் உட்கார்ந்து படிப்பதுபோல் படித்தது. ஆனால் அதே பஸ் ஆப்பைத் திறந்தால், "பட்டன்" என்றது. விரலை நகர்த்தினேன். "பட்டன்." இன்னும் நகர்த்தினேன். "பட்டன்." எது ஊர், எது தேதி, எது இருக்கை? ஒரே கம்பெனி, ஒரே ஆப். ஒரு போனில் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தவர்களுக்கு இன்னொன்றில் வைக்க என்ன கேடு? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

உதவி எண்ணைக் கூப்பிட்டேன். விஷயத்தைக் கேட்ட பெண், "வீட்ல யாரையாவது பார்த்துச் சொல்லச் சொல்லுங்க மேடம்" என்றாள்.

"யாரும் இல்லன்னா நான் ஊருக்கே போகக் கூடாதாம்மா?"

"கம்ப்ளைன்ட் போடுறேன் மேடம். தப்பு இருக்குற இடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வட்டம் போட்டு அனுப்புங்க."

போனை வைத்துவிட்டேன்.

"நான் போட்டுத் தரேன் லாத்தா, இதுக்கு ஏன் கோவம்? உலகத்துலயே நல்ல போனு இது" என்றான் தம்பி.

"பெருநாள் முடிஞ்சா நீ பிளைட் ஏறிப் போயிடுவே. அப்புறம் நான் யார் கையப் பிடிச்சுத் தொங்கணும்? என் போனக் குடு."

"ஆசையா வாங்கிட்டு வந்தேன். வேணாம்னா நான் என்ன நினைக்கிறது?"

"என்னக் கேக்காம வாங்கிட்டோம்னு நினை."

கதவை அறைந்து மூடும் சத்தம் கேட்டது. அன்று நோன்பு திறக்கும்போது அவன் என்னோடு பேசவில்லை. அவன் மனைவிதான் பழைய போனைக் கொண்டுவந்து தந்தாள். "எடுத்துக்கங்க. நானா இருந்தாலும் இப்படித்தான் கேட்டிருப்பேன்" என்றாள். அப்போதே உட்கார்ந்து சென்னைக்கு டிக்கெட் போட்டேன்.

ஐபோன் இப்போது மகளிடம் இருக்கிறது. என் போனில் அந்த ஆப் புதுப்பிக்கச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பகீரென்கிறது. இதையும் என்றைக்குக் கெடுத்துவைப்பார்களோ, பாவிகள்.