எழுத்து ஏன் பெரிதாக இருக்கிறது

அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் அவருக்கு ‘ஏன் சார்’ என்று பட்டப்பெயர். எதற்கெடுத்தாலும் காரணம் கேட்டு ஆளைப் படுத்தி எடுப்பார். வீட்டுக் கணினியையும் விட்டுவைக்கவில்லை. அதன் அமைப்புகள் அத்தனையையும் ஒரே கோப்பில் கதை மாதிரி எழுதி வைத்திருந்தார். இந்தக் கட்டளை எதற்கு, யாருக்காக என்று முதலில் இரண்டு வரி; அதன் கீழே கட்டளை. சனிக்கிழமை காலையில் ஒரு விசையைத் தட்டுவார். கட்டளைகள் மட்டும் தனியே பிரிந்து, கணினி படிக்கிற கோப்புகள் புதிதாக எழுதப்பட்டுவிடும். அவற்றில் பழையபடி இருந்தது எல்லாம் போயே போய்விடும். மனுஷனுக்கு அதில் அப்படியொரு பெருமை.

அதே கணினியில்தான் மனைவி மொழிபெயர்ப்பு வேலை பார்த்தாள். ஒரு சனிக்கிழமை மதியம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“என் மேல உங்களுக்கு என்னங்க கோவம்?”

அவர் திருதிருவென்று விழித்தார்.

“நான் எழுத்தைப் பெருசு பண்ணி வைக்கிறேன். வாரா வாரம் நீங்க சின்னதாக்கிடறீங்க. வேணாம்னா வாயைத் தொறந்து சொல்லலாமே!”

“ஐயோ, நான் தொடவே இல்லையே! நீ எங்க போய் மாத்தின?”

காட்டினாள். தானே தேடிப் பிடித்து, பிரித்தெடுத்த கோப்பில் மாற்றியிருக்கிறாள். அவர் கதை மாதிரி எழுதிய மூலக் கோப்பில் மாற்றாத எதுவும் சனிக்கிழமையைத் தாண்டாது. உலகத்துக்கே காரணம் எழுதிவைத்த மகா புத்திசாலி, வீட்டில் இருக்கும் இன்னொரு ஆளிடம் இதைச் சொல்லவே இல்லை.

அவருக்கு வெட்கமாகப் போயிற்று. மூலக் கோப்பைத் திறந்து எழுத்தளவு எண்ணை மாற்றினார். பழக்கதோஷம், கேட்டும்விட்டார்.

“இவ்ளோ பெருசு ஏன்?”

அவள் அவரை நகரச் சொல்லி உட்கார்ந்தாள். மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள். அவள் அப்படிக் குனிவதை அவர் அன்றுதான் கவனித்தார். காரணம் எழுதும் இடத்தில் மெதுவாகத் தட்டினாள்:

‘இடது கண்ணில் நடுவில் மறைக்கிறது. கொஞ்ச நாளாகவே. கண் போனால் வேலையும் போய்விடும். சொல்லப் பயமாக இருந்தது.’

அவர் எட்டி அந்தச் சனிக்கிழமை விசையைத் தட்டினார். எழுத்து பெரிதாகி, அப்படியே நின்றது.

“கெளம்பு, டாக்டர்கிட்ட போகலாம்.”

“இன்னிக்கேவா?”

“இப்பவே.”

சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பித்தான்கள் ஒன்று மாற்றி ஒன்று மாட்டியிருந்தன. அவள் கிட்டே வந்து, எல்லாவற்றையும் கழற்றி, கண்ணால் பார்க்காமல் விரலால் தடவித் தடவியே சரியாகப் போட்டுவிட்டாள்.