கல்லை மாத்தி வை, புள்ள

செய்தி வந்தபோது என் வலது கை முழங்கை வரை ஹபீபா ராத்தாவின் மீன் தொட்டிக்குள் இருந்தது. அவர் சொல்லியபடி அடியில் கிடந்த கற்களை இடம் மாற்றிக்கொண்டிருந்தேன். இடது கையால் தொலைபேசியை எடுத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய கணவர் லத்தீப் மச்சான். "முடிஞ்சு போச்சு, புள்ள" என்றார். இன்னாலில்லாஹி என்று வாய் சொன்னது. கை கல்லைப் பிடித்தபடியே நின்றது. அதை எங்கே வைப்பதென்று கேட்க இனி ஆள் இல்லை.

உங்களில் பலருக்கு ராத்தாவை வியாழக்கிழமை ஓதலிலும் கல்யாண வீட்டுச் சமையலிலும் தெரியும். எனக்கு அவர் பக்கத்து வீடு. கூடப் பிறக்காவிட்டாலும் ராத்தாதான். பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டு ஹோலில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதற்குள் ஒரு சோடி கோமாளி மீன். செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டை. மச்சான் உப்புவெளிக் கடற்கரை வரை சைக்கிளில் போய்ப் பிளாஸ்டிக் கான்களில் கடல் தண்ணீர் கொண்டுவருவார். "துறைமுகம் பக்கத்தில இருக்கே, ராத்தா?" என்று ஒருநாள் கேட்டேன். "கப்பல் கழுவின தண்ணியில நீ முகம் கழுவுவியா?" என்றார். வீட்டுக் கணக்கு எழுதுகிற பழக்கம் எனக்கு இருந்ததால், தண்ணீர் மாற்றுகிற நாட்களைக் குறித்து வைக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது.

சோடியில் ஒன்று செத்துப் போனது. ஏறக்குறைய அதே காலத்தில் ராத்தாவின் சிறுநீரகங்களும் கைவிட்டன. மிஞ்சிய மீன் ஒரே மூலையில் நின்று கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். மச்சான் தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ராத்தா இரண்டு பேரையும் பார்ப்பார். "நான் போனா ஒண்ணு கண்ணாடிக்கு உள்ள தனிச்சு நிக்கும், ஒண்ணு வெளிய. மீனுக்காவது ஒரு துணை தேடிக் குடுத்துட்டுப் போகோணும், புள்ள. அதுகள் ஓடித் திரிஞ்சா மச்சானுக்கும் பார்க்க ஏதாவது இருக்கும்." இதை அவர் என்னிடம் கெஞ்சிக் கேட்டார். எதையும் யாரிடமும் கெஞ்சாத மனுஷி.

முதல் சம்பந்தம் பிழையாய்ப் போனது. மாப்பிள்ளை என்றால் பெண்ணைவிடப் பெரியவராக இருக்க வேண்டாமா? அந்த நியாயப்படி பெரிய மீனாகப் பார்த்து வாங்கினோம். விட்டதுதான் தாமதம், இரண்டும் ஒன்றையொன்று கடித்துக் குதறின. புதியது செட்டை கிழிந்து அன்றே ஒதுங்கி, மறுநாள் செத்துக் கிடந்தது. கடலில் மூழ்கி மீன் பிடித்துக் கொடுத்த உப்புவெளிச் சுழியோடி வந்து பார்த்துத் தலையில் கை வைத்தான். "அக்கா, இதுகள்ள பெரிசுதான் பொம்பிளை. மிஞ்சினது ஆண்தான், ஆனா துணை போனா அதுவே வளர்ந்து பொம்பிளையா மாறிடும். நீங்க ரெண்டு மாமியாரை ஒரு குசினிக்குள்ள விட்டிருக்கிறீங்க."

ராத்தா அழுத கண்ணோடு சிரித்தார். "சுப்ஹானல்லாஹ், கேட்டீங்களா?" என்று மச்சானைப் பார்த்தார். "நான் போனா நீங்களும் மாறோணும். குசினிக்குள்ள போய் ஒரு தேத்தண்ணியாவது ஊத்தப் பழகுங்க." மச்சான் எழும்பி வெளியே போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். மீன்கள் விஷயத்திலும் ராத்தா யோசித்தது அந்த வழியில்தான். "வீடு அவள்ட. ஒவ்வொரு மூலையும் அவளுக்குத் தெரியும். வாறவன் எங்க போய் நிப்பான்? கல்லையெல்லாம் மாத்தி வைச்சா அவளுக்கும் அது புது வீடு. அப்ப ரெண்டு பேரும் விருந்தாளி." சுழியோடியும் ஓம் என்றான். சில நாட்களில் விரல் நீளம்கூட இல்லாத ஒரு குட்டியைக் கொண்டுவந்தான். அப்போது ராத்தா ஆஸ்பத்திரியில். என் குசினியில் அரிசி வடிக்கிற ஓட்டைக் கூடையைத் தொட்டி விளிம்பில் துணிக் கிளிப்பால் மாட்டி, குட்டியை அதற்குள் விட்டேன். பார்க்கலாம், கடிக்க ஏலாது. கடைசியாகத் தொலைபேசியில் பேசியபோது ராத்தாவுக்கு மூச்சு வாங்கியது. "பெரிசு கிட்ட வரக்குள்ள சின்னது உடம்பை நடுக்கிக் காட்டும். அதுதான் அதுகள்ட நிக்காஹ். கண்டா திறந்து விடு. முதல்ல கல்லை மாத்தி வை, புள்ள. மறந்துடாத."

ராத்தாவின் மய்யித்தை அந்த ஹோலில்தான் கொண்டுவந்து வைத்தார்கள். பெண்கள் ஓதத் தொடங்கினார்கள். தொட்டியின் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. "இந்தச் சத்தத்தை நிப்பாட்டுங்களேன், மய்யித்து வீடு" என்றார் ஒருவர். ஒரு கை சுவிட்சுக்குப் போனது. நிறுத்தினால் மீன் மூச்சு முட்டிச் சாகும். ஆனால் மரண வீட்டில் மீனுக்காக வாய் திறக்கவும் வெட்கம். வாசலில் நின்ற மச்சான்தான் சொன்னார். "கிடக்கட்டும். அந்தச் சத்தம் இல்லாட்டி அவவுக்கு நித்திரை வராது."

அடக்கம் முடிந்த பின்னேரம் நானும் என் கணவரும் போனோம். மிச்சக் கற்களை மாற்றி வைத்தேன். பெரியது தடுமாறித் தடுமாறிச் சுற்றி வந்து கூடைக்குப் பக்கத்தில் நின்றது. குட்டி உடம்பைச் சாய்த்தது. தலை முதல் வால் வரை ஒரு நடுக்கம். "நடுங்குது" என்றார் மச்சான். கூடையைச் சரித்தேன். குட்டி வெளியே போனது. பெரியது கடிக்கவில்லை. சற்று நேரத்தில் இரண்டும் ஒரே கல்லுக்குப் பின்னால் போயின.

மச்சான் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "நான் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்தனான். வீட்டுக்காரி போயிட்டா. இனி நான் எந்த மூலையில இருக்கிறது?"

எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை. ராத்தா சொன்னது மட்டும் தெரியும். நானும் என் கணவருமாக அலுமாரியை அடுத்த சுவருக்கு நகர்த்தினோம். கட்டிலைத் திருப்பிப் போட்டோம். தொட்டிக்கு முன்னால் இருந்த கதிரையை ஜன்னலடிக்குக் கொண்டுபோனோம். மச்சான் தடுக்கவில்லை. மறுநாள் காலையில் சோறு கொண்டுபோனபோது எல்லாம் பழைய இடத்தில் இருந்தன. அந்த வயதில் அலுமாரியைத் தனியாக எப்படி இழுத்தாரோ! "கோவிக்காத, புள்ள" என்றார். "எழும்பிப் பார்த்தா, அவ இருந்த வீட்டைக் காணேல்ல."

ராத்தா வைத்த வேலை முடிந்தது. மீன்கள் சேர்ந்து திரிகின்றன. எதற்காக அவர் அதைச் செய்யச் சொன்னாரோ, அது மட்டும் நடக்கவில்லை. மச்சான் கதிரையில் இருக்கிறார். முகம் தொட்டியின் பக்கம்தான். பார்க்கிறாரா என்று தெரியவில்லை.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்த ஓட்டைக் கூடை. உப்புப் பூத்துவிட்டது. அரிசி வடிக்க மனம் வரவில்லை, எறியவும் ஏலாது. தொழுத பின் ராத்தாவுக்காகக் கேட்கிறேன்: யா அல்லாஹ், அவர் போன இடம் அவருக்கு அந்நியமாக இல்லாமல் ஆக்கிவிடு. அடுத்ததாக மச்சானுக்குக் கேட்க வேண்டும். ஏந்திய கை அப்படியே நிற்கிறது, அன்றைக்குத் தண்ணீருக்குள் கல்லைப் பிடித்தபடி நின்றது போல.