நம்பகமற்ற பொதி

நேற்றுக் காலை என் மடிக்கணினியில் ஒரு சிறிய நிரலை நிறுவ முயன்றேன். படங்களைச் சுருக்கும் நிரல். யாரோ ஒருவர் தம் சொந்த இணையக் களஞ்சியத்தில் பொதியாகக் கட்டி வைத்திருப்பது. பாதி வழியில் கணினியை நடத்தும் லினக்ஸ் நின்றுகொண்டு, "இந்தப் பொதியின் கையொப்பத்தைச் சரிபார்க்க இயலவில்லை, இது நம்பகமற்றது. தொடரலாமா?" என்ற பொருளில் ஒரு வரியைக் காட்டியது. உங்களுக்கு அது ஒரு சாதாரண வரியாக இருக்கலாம். எனக்கோ, லேமினேஷன் இயந்திரத்தின் சூடான பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியது, கூடவே கோபமும். எத்தனை ஆண்டுகள் போனாலும் சில கோபங்கள் ஆறுவதில்லை. ஆறக்கூடாது என்றும் நினைக்கிறேன்.

பட்டம் வாங்கிய மறு ஆண்டு, திருவரங்குளத்தில் ஒரு பொதுச்சேவை மையத்தில் எனக்கு வேலை கிடைத்தது. சாலையைப் பார்த்த ஒற்றை அறை, நான்கு கணினிகள், ஒரு லேமினேஷன் இயந்திரம். சமுதாயத்தைத் தொழில்நுட்பத்தால் நிமிர்த்தப்போகிறேன் என்ற எண்ணத்தோடு பேருந்திலிருந்து இறங்கியவள் நான். முதல் வாரம் முழுக்க ரேஷன் அட்டைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டேன் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

அங்கே எனக்கு மூத்தவர் ராசு அண்ணன். தட்டச்சில் புலி. நான்கு திரைகளின் ஓரத்திலும் அவர் தம் கையால் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும்: "எது கேட்டாலும் y அடிக்கவும்." ஆம் என்பதற்கு லினக்ஸ் எதிர்பார்க்கும் எழுத்து அது. நான்கு விசைப்பலகைகளிலும் y மட்டும் தேய்ந்து வெற்றுப் பொத்தானாக இருந்தது. இப்படியொரு சீட்டு ஒட்டலாமா என்று கேட்டேன். "தங்கச்சி, அது கேக்குறதுக்கெல்லாம் நின்னு யோசிச்சா கியூ ஆலங்குடி வரைக்கும் போயிரும்" என்றார்.

நான் சும்மா இருக்கவில்லை. சமையல் எரிவாயு உருளை வீட்டுக்கு வந்தால் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம் அல்லவா, நிரலுக்கும் அப்படி ஒரு முத்திரை உண்டு. அனுப்பியவருடைய சாவி நம் கணினியில் இருந்தால்தான் முத்திரை அசலா என்று தெரியும் என்று வரிசையில் நின்றவர்களுக்கும் சேர்த்து விளக்கினேன். பின்னாலிருந்து ஒருவர், "அந்தப் பொண்ணுக்கு ஒரு மைக் செட்டு வச்சுக் குடுங்கப்பா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அன்றே நான்கு சீட்டுகளையும் கிழித்தேன். மேலாளரிடம் பேசி, எதையும் நிறுவுவதற்கான கடவுச்சொல்லை என் பொறுப்பில் வாங்கிக்கொண்டேன். அந்தப் பொறுப்பு எவ்வளவு கனமானது என்று அப்போது எனக்குத் தெரியாது.

தைல மரத்து வாசம் வரும்போதெல்லாம் எனக்கு மாரிக்கண்ணு நினைவுக்கு வருவார். தைலக்காட்டில் மரம் வெட்டியதும் பட்டை உரிக்கிற வேலை அவருக்கு. உரித்து உரித்து விரல் நுனிகள் வழவழத்துப் போயிருந்தன. அப்படிப்பட்ட விரல்களைக் கைரேகைக் கருவி எளிதில் ஏற்காது. தலைமுடியில் ஒருமுறை தேய்த்து, அந்த எண்ணெய்ப் பசையோடு வைத்தால் ஏற்கும் என்று ராசு அண்ணன் கண்டுபிடித்திருந்தார். எங்கள் வட்டாரத்தில் கருவியின் முன் அமர்ந்ததும் கை தானாகத் தலைக்குப் போகும்.

மாரிக்கண்ணு தம் மகள் சுகந்தியோடு ஒரு காலைப்பொழுதில் வந்தார். செவிலியர் பட்டயப் படிப்புக்கு விண்ணப்பிக்க அதுதான் கடைசி நாள். பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் முந்தின நாள்தான் கொடுத்திருந்தார்கள். மாலை ஐந்து மணிக்குத் தளம் மூடிவிடும். மதிப்பெண், சாதிச் சான்று எல்லாம் ஏற்றியாயிற்று. கடைசியாகத் தாயின் கைரேகை. மாரிக்கண்ணு விரலைத் தலையில் தேய்த்துக்கொண்டு தயாராக இருந்தார். கருவி ஒளிரவில்லை.

முந்தின இரவு கணினிகள் தம்மைப் புதுப்பித்துக்கொண்டதில் கருவியை இயக்கவைக்கும் நிரலான இயக்கி நீங்கியிருந்தது. அதைக் கருவி விற்ற நிறுவனத்தின் களஞ்சியத்திலிருந்துதான் மறுபடி நிறுவ வேண்டும். முயன்றேன். நம்பகமற்ற பொதி. தொடரலாமா?

எங்களிடம் இருந்த சாவியைப் பார்த்தேன், காலாவதியாகியிருந்தது. புதிய சாவி எங்காவது வெளியிடப்பட்டிருக்கிறதா என்று நிறுவனத்தின் தளத்தைத் தேடினேன், பழையதையே வைத்திருந்தார்கள். களஞ்சியத்தில் இருந்த பொதியோ, முன்பின் தெரியாத வேறொரு சாவியால் கையொப்பமிடப்பட்டிருந்தது. அது நிறுவனத்தினுடையதா, இடையில் புகுந்த யாரோ ஒருவருடையதா என்று அறிய வழியில்லை. உதவி எண்ணை அழைத்தேன். நெடுநேரம் பாட்டுக் கேட்கவைத்த பிறகு ஓர் இளைஞர் பேசினார். சாவியின் அடையாள எண்ணை வாசித்துக் காட்டுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கிறேன் என்றேன். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. "எல்லாரும் y அடிச்சுத்தான் போறாங்க மேடம். நீங்க மட்டும்தான் கேக்குறீங்க" என்றார்.

இந்த ஒன்றியத்து மக்களின் கைரேகைகள் அந்த இயக்கியின் வழியாகத்தான் போகின்றன. கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற முடியாது. ஒரு பக்கம் ஆயிரக்கணக்கான விரல்கள், மறு பக்கம் எதிரே நாற்காலியில் ஒரு பெண். நான் எடைபோட்டேன். அந்தத் தராசை என் கையில் திணித்தவர்கள் எங்கோ குளிர்ந்த அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னாத்தா, எந்திரம் என்ன சொல்லுது?" என்று மாரிக்கண்ணு கேட்டார். சொன்னேன். அவருக்குப் புரிந்தது என் முகம் மட்டும்தான். ராசு அண்ணன் என் பக்கம் குனிந்து, "ஒரே ஒரு தடவை தங்கச்சி. புள்ளையப் பாரு" என்றார். நான் பார்த்தேன். மாட்டேன் என்றேன். வேறு வகைக் கருவி இருக்கும் புதுக்கோட்டை மையத்துக்கு அவர்களைப் பேருந்தேற்றி அனுப்பினேன். அங்கே அன்றைய டோக்கன் முடிந்திருந்தது. கெஞ்சி உள்ளே போனபோது மணி ஐந்தேகால்.

அதே நாளில் ஆலங்குடிச் சாலையில் இருந்த தனியார் கணினிக் கடையில், அதே கருவியை வைத்து, y அடித்து, வந்தவர் அத்தனை பேரின் விண்ணப்பங்களையும் அனுப்பிவிட்டார்கள். சுகந்தியின் வகுப்புத் தோழிகள் இருவர் அதில் அடக்கம். நான் அவளை அங்கே அனுப்பவில்லை. என் கொள்கைக்கு அது இழுக்கு என்று எண்ணினேன். என் கோபத்தில் பாதி இதற்காக, என்மேல்.

மீதிப் பாதி அந்த நிறுவனத்துக்கு. என் மின்னஞ்சலுக்குப் பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது. பழைய சாவியைப் புதுப்பிக்க மறந்துவிட்டார்களாம். புதிதாக ஒன்றைச் செய்து, தளத்தில் போடவும் மறந்துவிட்டார்களாம். பொதி அசல்தானாம். சிரமத்துக்கு வருந்துகிறார்களாம். மறதி என்ற ஒரு சொல்லால் கடந்துவிட்டார்கள். எச்சரிக்கை மணியை வீண் ஒலியாக்கி, அதைப் பொருட்படுத்தாதவனைக் கெட்டிக்காரனாகவும், பொருட்படுத்தியவளை முட்டாளாகவும் ஆக்கிவைத்ததுதான் அவர்கள் செய்த உண்மையான தீங்கு. ஒருநாள் மெய்யான திருடன் வரும்போதும் எங்கள் மக்கள் y அடிப்பார்கள். அதைக் கற்றுக்கொடுத்தது இவர்கள்தான்.

மறு ஆண்டு சேர்க்கை விதி மாறியது; சுகந்திக்கு இடமில்லை. விராலிமலைப் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனாள். புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் ஒருநாள் சீருடையோடு எதிர்ப்பட்டாள். நான் மன்னிப்பை ஆரம்பிக்கும் முன்பே அவள் முடித்துவைத்தாள்: "நீங்க சொன்னது சரின்னு அப்பவே தெரியும்க்கா. அன்னைக்கு எனக்குச் சரி வேணாம். காலேஜ் சீட்டுதான் வேணும்."

இன்று அந்த மையம் இல்லை. அங்கே செல்பேசிக் கடை. புதிய மையத்தில் மூடி முத்திரையிட்ட கணினிப் பெட்டிகள் வந்துவிட்டன. நிரல்கள் எங்கிருந்தோ தாமாக இறங்குகின்றன. எதுவும் யாரையும் கேட்பதில்லை. வேண்டாம் என்று சொல்ல அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு பொத்தான்கூட இல்லை. இதை வசதி என்கிறார்கள்.

நேற்று அந்த நிரலை நிறுவாமல் மூடிய பிறகு, சேர்க்கைத் தளத்துக்குப் போய், இன்னும் மனப்பாடமாக இருக்கும் சுகந்தியின் விண்ணப்ப எண்ணைத் தட்டினேன். பழைய ஆண்டுகளின் முழுமையடையாத விண்ணப்பங்களை அகற்றிவிட்டார்கள் போலும். அப்படி ஒரு விண்ணப்பம் இல்லை என்று வந்தது. அவர்களுடைய பதிவுகளின்படி அன்று எந்தப் பிழையும் நிகழவில்லை. எந்தப் பெண்ணும் வந்து உட்காரவில்லை.