லொக்கில் நான் கட்டிய கயிறு

போன கோடையில் மகன் எங்களை நாங்கள் இப்போது வாழும் அஜின்கோர்ட்டிலிருந்து ஒரு பழைய கால்வாய்க்குக் கூட்டிப்போனான். வாடகைப் படகு, தண்ணீரைக் கூட்டிக் குறைத்துப் படகை ஏற்றி இறக்கும் லொக் என்ற தொட்டிக்குள் நுழைந்ததும் பேத்தியின் கைக்குப் படகின் கயிறு ஒன்று வந்தது.

“அப்பப்பா, இதை அந்தக் கம்பியில கட்டிவிட்டா ஈஸிதானே?”

“கட்டக்கூடாது பிள்ளை,” என்றேன். கயிற்றை நானே வாங்கிப் பிடித்துக்கொண்டேன். காரணம், வீட்டில் யாருக்கும் நான் சொல்லாத ஒரு கதை.

அப்போது எனக்குப் பத்து வயது. கொழும்பில், ஏரியையும் துறைமுகத்தையும் இணைத்த கால்வாயில் மாமா லொக் பொறுப்பாளராக இருந்தார். பள்ளி விடுமுறைக்கு அவர் வீட்டில் நின்றேன். தேயிலைப் பெட்டி அடுக்கிய வள்ளங்களை டக் படகுகள் இழுத்து வரும். வள்ளத்தை இரண்டு கதவுகளுக்கு நடுவே அடைத்துத் தண்ணீரை வடியவிடுவார்கள். வள்ளம் மெல்லக் கடல்மட்டத்துக்கு இறங்கும். கரையில் நிற்பவர் அதன் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கிக்கொண்டே இருக்கவேண்டும்.

வள்ளக்காரர் ஒருவருக்கு என்னோடு எப்போதும் சிரிப்பும் பகிடியும்தான். அன்று முன்கயிற்றைப் பார்க்கப் போனவர் பின்கயிற்றை என்னிடம் நீட்டினார்.

“இஞ்சினியர் ஐயா, உந்தக் கயித்தைப் பிடியுங்கோ பாப்பம். தண்ணி இறங்க இறங்க விடோணும். கட்டிப்போடாதேங்கோ.”

அந்த நேரம் பார்த்து, வெளியே நின்ற டக் படகு பாலத்துக்கு அடியால் போவதற்காகத் தன் புகைபோக்கியை மடக்கத் தொடங்கியது. அதைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. கயிற்றை இரும்புக் கட்டையில் இறுக்கிக் கட்டிவிட்டு ஓடினேன். நல்ல முடிச்சு. அதில் எனக்குப் பெருமை வேறு.

கூச்சல் கேட்டுத் திரும்பினேன். தண்ணீர் இறங்கியிருந்தது, வள்ளத்தின் பின்பக்கம் கயிற்றில் தொங்கியது. தேயிலைப் பெட்டிகள் ஒவ்வொன்றாகச் சரிந்து தண்ணீரில் விழுந்தன. மாமா கோடரியோடு ஓடிவந்து கயிற்றை வெட்டினார்.

“ஆரடா கட்டினது?”

வள்ளக்காரர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

“நான்தான் அண்ணை. யோசனையில்லாமல் கட்டிப்போட்டன்,” என்றார் அவர்.

“இத்தனை வருசமா உதிலை நிக்கிறாய், கட்டக்கூடாதெண்டு தெரியாதே?”

அவர் குனிந்து வெட்டுப்பட்ட கயிற்றைச் சுருட்டினார். ஒரு சொல் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடி தப்பியது என்று மட்டும் நினைத்தேன்.

மறுநாள் வேறொருவர் கயிறு பிடித்தார். பழையவர் எங்கே என்று மாமாவிடம் கேட்டேன்.

“வேலையால நிப்பாட்டிப் போட்டினம்.”

எங்களுக்கு வகுப்பு மாறுவதைப் போலத்தான் பெரியவர்களுக்கு வேலை மாறுவதும் என்று எடுத்துக்கொண்டேன். புதியவர் என்னோடு பகிடி விடுவாரா என்று பார்க்கக் கரைக்கு ஓடினேன்.