கையெழுத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை

மூன்று வருடத்துக்கு முன்பு, கூடலூருக்கு வெளியே ஒரு தென்னை நார் மில்லில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். படிப்பு எட்டாவதோடு சரி. சூரத், நாக்பூர் என்று ஓட்டல் ஓட்டலாகத் திரிந்ததில் இந்தி மட்டும் ஒட்டிக்கொண்டது. அதனால் மில்லில் இருந்த ஏழு ஜார்க்கண்ட் ஆட்களிடம் எதைச் சொல்வதென்றாலும் சூப்பர்வைசர் என்னைத்தான் கூப்பிடுவார்.

மட்டை அடிக்கும் மிஷினில் நார் சிக்கினால் நிறுத்தித்தான் எடுக்க வேண்டும். நிறுத்தினால் வேலை கெடும் என்று, அதன் மூடியை சூப்பர்வைசரே கழற்றிப் போட்டிருந்தார். மிஷின் ஓடும்போதே கையால் இழுத்துவிட வேண்டும். அப்படி இழுத்ததில் அந்த ஏழு பேரில் ஒருவனுக்கு வலது கையில் இரண்டு விரல் போனது.

நான்காம் நாள் சூப்பர்வைசர் ஒரு இங்கிலீஷ் தாளோடு வந்தார். ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள், ஏழு பேரையும் கையெழுத்துப் போடச் சொல் என்றார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'நெக்லிஜென்ஸ்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். கேட்டதற்கு, அடிபட்டதை இங்கிலீஷில் அப்படித்தான் எழுதுவார்கள் என்றார். நானும் எல்லாம் தெரிந்த ஆள் மாதிரி அதையே இந்தியில் சொன்னேன். இரண்டு பேர் போட்டுவிட்டார்கள்.

அடுத்து அடிபட்டவன். இடது கையில் பேனா பிடிக்க வராமல் தடுமாறினான். அதைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. போனை எடுத்து அந்த வார்த்தையை ஒவ்வொரு எழுத்தாக அடித்து, இந்தியில் என்னவென்று கேட்டேன். போனிலிருந்து ஒரு பெண் குரல் எல்லோர் காதிலும் விழும்படி, 'லாபர்வாஹி' என்றது. அஜாக்கிரதை.

“கிஸ்கி?” என்றான் அவன். யாருடையது என்று.

அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் உன் பேர்தான் எழுதியிருக்கிறது என்றேன். அவன் மூடியில்லாத மிஷினைப் பார்த்தான். பேனாவைக் கீழே வைத்தான். முதலில் போட்ட இருவரும் தங்கள் கையெழுத்தை அடித்துவிட்டார்கள்.

“ஏலே, ஒன்னயச் சொன்னதச் சொல்லச் சொன்னா, வக்கீல் வேலையா பாக்குற?” என்றார் சூப்பர்வைசர்.

“மூடியக் கழட்டுனது நீங்க. தப்ப மட்டும் அவன் எழுதிக் குடுக்கணுமாக்கும்” என்றேன்.

அன்றே என்னை அனுப்பிவிட்டார்கள். வேலை போவது எனக்குப் புதிதில்லை. குமுளி ஜீப்பில் ஏறி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்விட்டேன். ஆஸ்பத்திரிச் செலவை மில்லே கட்டியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். போன விரலுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

சூப்பர்வைசர் மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அதைவிட என் வாய் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். அந்த இரண்டு பேரும் தாளை நம்பிப் பேனாவை எடுக்கவில்லை, அர்த்தமே தெரியாமல் பேசிய என்னை நம்பித்தான் எடுத்தார்கள்.